தவக்காலத்துக் கோழிகள்

கோழி விரதம் இருக்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டுக் கோழிகள் இருந்தன. விபூதிப் புதன்கிழமை தொடங்கி, கவுச்சியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், கொட்டகை முழுக்கச் சுத்தபோசனம். அதுகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பண்ணைக்காரி என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்குப் புஷ்பமேரி என்று பெயர் வைத்தவர்கள் நான் பூ மாதிரி இருப்பேன் என்று நம்பியிருக்கிறார்கள், பாவம்.

இது நடந்தது தொண்ணூற்றெட்டில். வடமதுரைக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டை ஒட்டி என் மாமியார் இஞ்ஞாசியம்மாள் பெயரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் நானும் என் வீட்டுக்காரர் ஞானதாஸும் கொட்டகை போட்டு முட்டைக்கோழி விட்டோம். நாமக்கல்லில் போய் ஒரு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். ஞானதாஸ் அதிகம் பேச மாட்டார். எங்கள் வீட்டில் பேச்சுக்கான பங்கு பூராவும் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

முதல் முட்டை விழுந்த நாளை என்னவென்று சொல்ல! கடலைத் தொலி பரப்பிய தரையில் வெள்ளை வெளேரென்று ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினேன். இடுப்பில் சேலை நிற்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் கொட்டகைக்குள் நுழைந்தால் காது அடைத்துப்போகும். முட்டையிட்ட கோழி சும்மா இருக்காதே, ஊரைக் கூட்டிக் கேறும். ஒன்று கேற, பக்கத்திலிருப்பது கேற, இடாததும் சேர்ந்து கேற, அந்தச் சத்தத்துக்குள் நின்றால் எனக்குப் பூசையில் பாட்டுக் கேட்பது மாதிரி இருக்கும். இதை வெளியே சொன்னால் அத்தை திட்டுவார் என்பதால் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட வந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் அருள்நாதன். திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். கிறிஸ்துமஸுக்கு வந்தவர் கேக்கைத் தின்றுகொண்டே கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நூல் மில்காரர் ஒருத்தர் ரோட்டோரமா குடோன் தேடுறாருடா தாஸு. இந்தக் கொட்டகைய விட்டா மாசாமாசம் வாடகை வரும். எதுக்குடா இந்தக் கோழிப்பீய அள்ளிக்கிட்டு?”

ஞானதாஸ் வழக்கம்போல அண்ணனுக்குப் பதிலாகத் தரையைப் பார்த்தார். நான்தான் முன்னால் வந்தேன்.

“ஏன் பெரியத்தான், பீ அள்ளுறது நானு. ஒங்க கைக்கு என்ன நோவு?”

“இந்த வாய் மட்டும் கொறைச்சலில்ல. சரி, கோழி இடுற வரைக்கும் இடட்டும். வெயில் காலம் வரும். ஈஸ்டருக்கு முந்துன வாரம், குருத்து ஞாயிறுக்கு மொத நாள் வந்து பாப்பேன். பாதிக் கோழியாவது அன்னாடம் இடலைன்னா கறிக்கடை வாஹித் பாய் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. ஈஸ்டர் கறிக்கு அவருக்கும் ஆகும்.”

“பாதி என்ன பாதி! பத்துக்கு ஒம்பது இடும், வந்து பாருங்க” என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

நிலம் அத்தை பெயரில்தான் இருக்கிறது. ஆனால் படித்த மூத்த மகனுக்கு முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. எங்களிடம் பேசும்போது கூரை பறக்கும். அருள்நாதன் வந்து உட்கார்ந்தால் காபி டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பார். அன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்.

மாசி பிறந்தது, தவக்காலமும் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் கறி மட்டுமல்ல, மீன், முட்டை, கருவாடு எதுவும் கிடையாது. மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார் அத்தை. ரசம், துவையல், கீரை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. எனக்கும் அதில் ஒரு சடவும் இல்லை. காலையில் முட்டை அட்டைகளை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போய்விடுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்கள், பேக்கரிகள் எல்லாம் என் வாடிக்கை. நான் திரும்புவதற்குள் அத்தை தீவனம் கலந்து வைத்திருப்பார். மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல் என்று அளவு சொல்லிக் கொடுத்தது நான். அத்தை கைக்கு அளவு தப்பாது. அதனால் மூட்டையைத் திறந்து பார்க்கிற வழக்கமே எனக்கு இல்லை.

கொஞ்ச நாளில் கூடை குறைய ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். கூரையில் கீற்றைப் பரப்பித் தண்ணீர் அடித்தேன். குடிதண்ணீரில் வெல்லம் கரைத்து வைத்தேன். ஊஹும். முட்டை குறைந்தது போதாதென்று சிறுத்தும் போனது. பேக்கரிக்காரர் ஒரு முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“என்னம்மா புஷ்பம், இது முட்டையா, கோலிக்குண்டா?”

“கோலிக்குண்டுன்னா வெளையாடுங்க, குடுங்க இப்டி!” என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் அழுகை. கோபம் வந்தால் எனக்குக் கூடவே அழுகையும் வரும், அது என் பிறவிக் கோளாறு.

அதற்குப் பிறகுதான் கொடுமை. கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. கொத்துவது மட்டுமல்ல, இறகைப் பிடுங்கித் தின்றன. முதுகெல்லாம் சிவந்து, உரித்த கோழி உயிரோடு நடக்கிற மாதிரி அலைந்தன. கண்ணேறு என்றார்கள், சுற்றிப் போட்டேன். சீக்கு என்றார்கள், மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் புரட்டிப் பார்த்து, சீக்கு ஒன்றுமில்லை, தீவனத்தில்தான் ஏதோ குறைகிறது, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கருவாட்டுத்தூளும் சேர்த்து ஒப்பித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். என்ன செய்வார் பாவம், நான் சொன்னதைத்தானே நம்புவார்.

தீவனத்தில் கருவாட்டு நாற்றம் இல்லை என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்த நாற்றத்திலேயே கிடந்து கிடந்து என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

குருத்து ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கொட்டகையில் பாதி என்ன, கால்வாசிகூட ஒழுங்காக இடவில்லை. கேறல் சத்தமே அடங்கி, உள்ளே போனால் சாவு வீடு மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அடுத்த தோட்டத்துக் கருப்பம்மாக்கா வீட்டுக்கு மண்வெட்டி கேட்டுப் போனேன். அவரும் அவர் வீட்டுக்காரர் பெருமாள்சாமியும் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருக்கிறார்கள். வாசலில் நாலு நாட்டுக்கோழி மேயும். அன்றைக்குப் பார்க்கிறேன், நாலும் கொழுகொழுவென்று, இறகு மினுமினுவென்று, கொண்டை செம்பருத்திப் பூவாகச் சிவந்து, என்னைப் பார்த்து ஒரு நடை நடக்கிறதுகள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், கோழி மேலேயே பொறாமைப்பட்டேன்.

“என்னக்கா, கோழி இந்த மினுக்கு மினுக்குது?”

“அதையேன் கேக்குற புஷ்பம்! நாலும் அடைக்கே படுக்க மாட்டேங்குது, ஓயாம இடுது. எல்லாம் ஒங்க அத்த புண்ணியம். ஒரு மூட கருவாட்டுத்தூளக் குடுத்தாகள்ல, அதத்தான் ஒரு கை வைக்கிறேன்.”

“என்ன தூளு?”

“கருவாட்டுத்தூளு தாயி. ஒங்க நோம்பு தொடங்குன அன்னைக்குத் தலையில தூக்கியாந்து போட்டாக. ஏன், ஒனக்குத் தெரியாதா?”

ஆத்தாடி! அடுத்த நிமிடம் அந்த மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். கருப்பம்மாக்கா பின்னால் “ஏ புள்ள, மண்வெட்டிய விட்டுட்டுப் போறியே” என்று கத்தினார். மண்வெட்டியாவது மண்ணாங்கட்டியாவது!

அத்தை கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூட்டையை அவர் முன்னால் பொத்தென்று போட்டேன். தூள் பறந்து கீரையில் விழுந்தது.

“சேசுவே! கீரை தீட்டாப் போச்சே! எதுக்குடி இதத் தூக்கியாந்த?”

“அத்தே, கோழித் தீவனத்துல கருவாட்டுத்தூள் போடுறீகளா இல்லையா?”

“தவக்காலத்துல எப்பிடிப் போடுவேன்? வளவுக்குள்ள கவுச்சி ஆகாதுல்ல.”

“மனுசனுக்குத்தானே நோம்பு! கோழிக்குமா?”

“அது யாரு வீட்டுக் கோழி? வேதக்காரக வீட்டுக் கோழிதானே?” என்றார், இதைக்கூடவா விளக்க வேண்டும் என்கிற முகத்தோடு. “நான் என்ன பட்டினியாவா போட்டேன்? தூளுக்குப் பதிலா கடலப் புண்ணாக்கு ரெட்டை மடங்கா போடுறேன். மனுசர் நம்மளே அம்புட்டுச் சத்தா திங்கிறதில்ல.”

கடலைப் புண்ணாக்கு! அந்த வார்த்தையைக் கேட்டதும் நாமக்கல் வகுப்பறை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. முட்டைக்கும் இறகுக்கும் மெத்தியோனின் என்று ஒரு சத்து வேண்டும். மீனில் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் எவ்வளவு கொட்டினாலும் அது போதாது. வயிறு நிறையும், முட்டை நிறையாது. இறகில் அந்தச் சத்து இருப்பதால்தான் பாவம் ஒன்றையொன்று பிடுங்கித் தின்றிருக்கின்றன. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள் கோபம்.

“கோழி முட்டைய வித்த காசுல மெழுகுவத்தி வாங்கி மாதாவுக்குப் பொருத்துறீக, அது பாவமில்ல. கோழி ஒரு வாய் கருவாட்டத் தின்னா பாவமா? வாங்க, சாமியார்கிட்டயே கேப்போம். கோழிக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சான்னு கேப்போம். வாங்க!”

“சாமியாரக் கேட்டா நேந்தேன்? நான் நேந்தது மாதாகிட்ட.”

“என்னத்த நேந்தீக?”

அத்தை திரும்பக் கீரையை ஆய ஆரம்பித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த ஞானதாஸ் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“சொல்லுங்க அத்தே. என்னத்த நேந்தீக?”

“ஒனக்காகத்தான்டி நேந்தேன்!” என்று கத்தினார். “பெரியவன்கிட்ட என்னால மல்லுக்கட்ட முடியுமா? படிச்சவன், நாலு எடம் போறவன். அவன் கொட்டகையப் பிடுங்கப் போறான்னு தெரிஞ்சு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். அதான் ஆரோக்கிய மாதாகிட்ட, தாயே, நாப்பது நாளும் என் வளவுக்குள்ள கவுச்சி வாடையே வர விட மாட்டேன், என் மருமக பண்ணை நெலைச்சு நிக்கணும்னு கேட்டேன். அதுக்கா இந்தக் கத்துக் கத்துற?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் ஊரில் எல்லாச் சாமிக்காரர்களும் சொல்வார்கள். அது இவ்வளவு கச்சிதமாக நடந்து நான் பார்த்ததில்லை. பண்ணை நிலைக்க வேண்டும் என்று நேர்ந்த நேர்ச்சையே பண்ணையைப் படுக்க வைத்துவிட்டது.

மெல்லத்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லாமல் எப்படி இருப்பது? கருவாடு நின்றதால்தான் முட்டையும் நின்றது என்று சொன்னதும் அத்தை கையிலிருந்த கீரையைக் கீழே போட்டார்.

“நான் போட்ட பட்டினியா அது? அம்புட்டு இறகும் நான் பிடுங்குனதா?”

“பட்டினி இல்ல அத்தே. ஒரு சத்து கொறைஞ்சு போச்சு, அம்புட்டுத்தான்.”

அவர் எழுந்தார். மூட்டையின் வாயைப் பிரித்தார். “போடு. இப்பவே கலந்து போடு. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நரகம்னா அது எனக்குத்தானே.”

ஞானதாஸ் வாளியை வைத்துவிட்டு என் காதில் சொன்னார்: “அம்மாவே சொல்லிருச்சு. போட்டுரு புஷ்பம். ரெண்டு வாரந்தான் கெடக்கு.”

நியாயம்தான். தூள் காலடியில் கிடக்கிறது. நாளைக் காலையிலேயே கோழி தின்னும். ஆனால் எனக்காக நேர்ந்தவர் கையாலேயே அந்த நேர்ச்சையை உடைக்க வைத்துவிட்டு, அந்த முட்டையை நான் எந்த முகத்தோடு பொறுக்குவேன்? மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினேன்.

“ஒங்க நேர்ச்சைய நீங்க விட வேணாம் அத்தே. அந்தச் சத்து மட்டும் தனியா வெள்ளைப் பொடியா விக்கிது. கம்பெனியில செய்யிறது. மீனும் இல்ல, மாமிசமும் இல்ல. நான் வாங்கியாறேன்.”

“கெடைக்கலைன்னா?”

“கெடைக்கும். கெடைக்காம எங்க போயிரும்?”

வாய்க்கென்ன, சொல்லிவிட்டது. மறுநாள் விடிந்ததும் திண்டுக்கல்லில் கிதர் முகம்மது அண்ணன் கடையில் நின்றேன். கோழி மருந்து, மாட்டு மருந்து எல்லாம் வைத்திருப்பவர். வைட்டமின் இருக்கிறது, கிளிஞ்சல் இருக்கிறது, மெத்தியோனின் மட்டும் இல்லை.

“சின்னப் பண்ணைக்காரக பூராம் கருவாட்டுத்தூளத்தானே போடுறாக, இதக் கேட்டு வார ஆளே கெடையாது தங்கச்சி. சொல்லி விடுறேன், அடுத்த வாரம் வந்துரும்.”

“அடுத்த வாரம் வந்தா அத எந்தலையில தேய்ச்சுக்கிறவா?”

அவர் சிரித்துவிட்டார். நாமக்கல்லில் ஒரு கடைக்குப் போன் போட்டார். “இருக்காம். ஆனா கொரியர்ல போட்டாலும்...” என்று அவர் முடிப்பதற்குள் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வண்டியை அவர் கடை வாசலிலேயே விட்டுவிட்டேன். பின்னாலிருந்து “சாவிய எடுத்துட்டுப் போம்மா” என்று கத்தினார்.

கரூர் வழியாகப் பஸ். பங்குனி வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்கிறது. எனக்கோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி உள்ளே குதியாட்டம். காரணம் தெரிந்துவிட்டதே! சீக்கு இல்லை, கண்ணேறு இல்லை, என் கோழிகள் மேல் ஒரு குறையும் இல்லை! பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் மெத்தியோனினைப் பற்றிக் கரூர் வரைக்கும் பேசினேன். அவர் அங்கே இறங்கும்போது, “ஒன் மாமியாக்காரிய ஒண்ணும் சொல்லாத சாமி” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை வாசலிலேயே காத்திருந்தார். வாங்கி, பிரித்து, மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னடி, அழுகுன முட்டக்கோசு வாடை அடிக்கிது?”

“முட்டக்கோசு சைவந்தானே அத்தே!”

தவக்காலம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அத்தை சிரித்தார். ஞானதாஸும் சிரித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அந்தப் பொடி ரொம்பக் கொஞ்சம் போதும். அதை மூட்டைத் தீவனத்தில் அப்படியே கொட்டினால் ஒரு கோழிக்கு எல்லாம் போகும், ஒன்பதுக்கு ஒன்றும் போகாது. முதலில் ஒரு கை தவிட்டில் கலக்க வேண்டும், பிறகு ஒரு முறம் தவிட்டில், அதற்குப் பிறகுதான் குவியலில். அத்தை என்னைத் தொட விடவில்லை. தானே உட்கார்ந்து, ஒவ்வொரு புரட்டுக்கும் ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு கலந்தார். ஜெபமாலை முடிந்தது, தீவனமும் கலந்து முடிந்தது. மாதாவும் மெத்தியோனினும் சேர்ந்து வேலை செய்தால் கோழி எப்படி இடாமல் போகும் என்று நான் கிண்டல் செய்தேன். “சும்மா கெட, வாய வச்சுக் கெடுக்காத” என்றார்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து நாளில் இறகு பிடுங்குவது அடங்கியது. அடுத்த வாரம் பிறந்தபோது முட்டை கையில் கனத்தது. கோலிக்குண்டு போய், கைக்கு அடக்கமாக உருண்டு நின்றது. கூடை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய, நானும் அத்தையும் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினோம். “இங்க பாருடி, இந்த வெள்ளச்சிய! இன்னைக்கு இட்டுட்டா!” என்று அவர் கத்துவார். கோழிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார். ஆனால் பாதி தாண்டியதா? சரியாகப் பாதியில் வந்து நின்று முறைத்தது. சனிக்கிழமை நெருங்க நெருங்க ஒவ்வொரு கூடையையும் இரண்டு தரம் எண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. சூரியன் ஏறிவரும் நேரம். டெம்போ ஒன்று கூண்டுகளைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றது. வாஹித் பாயும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். பின்னால் ஸ்கூட்டரில் அருள்நாதன். நான் அப்போதுதான் கொட்டகைக் கதவைத் திறக்கப் போனேன். கதவில் கை வைக்கிறேன், உள்ளே ஒன்று கேறியது. அடுத்தது கேறியது. அப்புறம் பாருங்கள், கொட்டகை மொத்தமும் பிடித்துக்கொண்டது! கூரை தெறிக்கிற மாதிரி ஒரே கத்தல். முட்டைப் பெட்டிகளில் இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. தொலியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மூலையில், எங்கே பார்த்தாலும் முட்டை. கால் வைக்க இடமில்லை.

“ஏங்க! அத்தே! ஓடியாங்க! வந்து பாருங்க!” என்று நான் கத்தியது கோழிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

வாஹித் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். அருள்நாதன் பக்கம் திரும்பி, “முட்ட நின்னுபோன கழிவுக்கோழின்னு சொன்னீக வாத்தியாரே. இந்தப் போடு போடுது?” என்றார்.

அருள்நாதன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பெரியத்தான், பாதிக்கு மேல இருக்கு. நீங்களே எண்ணிக்கங்க. சொன்ன சொல்லுப்படி...”

“இருக்கட்டும் புஷ்பம். நான் இல்லைங்கல. ஆனா மில்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை அவங்க சரக்கு வருது. முட்டை இன்னைக்கு இடும், நாளைக்கு விடும். வாடகை அப்பிடியா? பாய், நீங்க ஏத்துங்க.”

அவர் பாதி என்று சொன்னதெல்லாம் சும்மா. கோழி இடாது என்ற நம்பிக்கையில் எப்போதோ பேசி முடித்துவிட்டிருக்கிறார். ஞானதாஸைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என் வாயிலும் ஒன்றும் வரவில்லை. ஊரையே வாங்கு வாங்கு என்று வாங்குகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. ஆட்கள் கூண்டோடு கதவருகே வந்துவிட்டார்கள்.

அப்போது அத்தை நடந்து வந்தார். கையில் தவிடு ஒட்டியிருந்தது. வந்தவர் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார்.

“அருளு, கோழி இடாமப் போனது கோழி கொறையில்ல, இவ கொறையுமில்ல. நான்தான் வேண்டுதல்னு சொல்லி அதுக வாய்ச் சத்தப் பிடுங்குனேன். ஒன்கிட்ட வாயத் தொறந்து பேசப் பயந்துக்கிட்டு மாதாகிட்டப் போயி மொறையிட்டேன். மாதா என்ன சொன்னாளோ தெரியல. பேச வேண்டியது நீதான்டி, கோழிய எதுக்கு நோம்பு இருக்கச் சொல்றன்னு கேட்டிருப்பா. இப்பப் பேசுறேன். கோழிய ஏத்துறதா இருந்தா, மொதல்ல என்னையக் கூண்டுல ஏத்து.”

அருள்நாதன் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவருக்கு அந்த முகம் புதிது.

“அம்மா, நாலு பேருக்கு முன்னால பேசாதம்மா. அந்த மில்காரர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

“நெலத்துக்காரி இன்னும் சாகலைன்னு சொல்லு.”

வாஹித் பாய் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “கூண்ட ஏத்துங்கப்பா, போவோம்” என்று ஆட்களிடம் சொன்னார். காலிக் கூண்டுகள் ஆடிக்கொண்டே ரோட்டுக்குப் போயின. ஸ்கூட்டரும் பின்னாலேயே போனது.

நான் அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கூச்சமில்லாமல் அழுதேன். அவர் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கண்ணை முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

“அழுகைய அப்பறமா வச்சுக்க. வெயிலு ஏறுது, கூடைய எடுடி.”